கோழி வளர்த்த வாத்துக் குஞ்சுகள்

அறுவடை முடிந்ததும் எங்கள் ஊர் வயல்களுக்கு வாத்துக்காரர்கள் வந்துவிடுவார்கள். சிந்திய நெல்லையும் நத்தையையும் பொறுக்கித் தின்றபடி நூற்றுக்கணக்கான வாத்துகள் வரப்போரமாக நகரும். ராத்திரி பட்டியில் அடைந்தவை விடிவதற்குள் முட்டையிட்டுவிடும். அப்படி ஒரு விடியற்காலையில் எங்கள் அப்பாயி எட்டு முட்டைகளை வாங்கி முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தார். "நம்ம கருப்பி அடைக்கு உக்காந்துருக்கால்ல, அவ பொரிச்சுக் குடுப்பா" என்றார். கருப்பி எங்கள் வீட்டு நாட்டுக்கோழி.

வாத்து முட்டையை வாத்தே அடைகாக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். மனிதர்கள் பல தலைமுறைகளாக அதிகம் முட்டையிடும் வாத்துகளையே தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். அதில் அவற்றின் அடைகாக்கும் குணம் மங்கிப்போயிற்று. நாட்டுக்கோழியிடம் அந்தக் குணம் அப்படியே இருக்கிறது. அடைக்கு வந்த கோழியைக் கண்டுபிடிப்பது சுலபம். கூடையை விட்டு இறங்காது. கையை நீட்டினால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கேறும், கொத்தும். அதன் வயிற்றடியில் இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். அந்தச் சூடான தோல் முட்டைமேல் நேராகப் படுவதால்தான் முட்டைக்குச் சுமார் 37.5 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து கிடைக்கிறது.

முதல் வருஷம் நாங்கள் ஒரு தப்புச் செய்தோம். வாத்து முட்டைகளோடு நான்கு கோழி முட்டைகளையும் ஒரே நாளில் வைத்துவிட்டோம். கோழி முட்டை பொரிய 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். 21ஆம் நாள் கோழிக்குஞ்சுகள் வந்தன. அடுத்த நாளே கருப்பி அவற்றை அழைத்துக்கொண்டு குப்பைமேட்டுக்கு இரை கிளறப் போய்விட்டது. வாத்து முட்டைகள் ஆறிப்போயின. உள்ளே உயிரோடு இருந்த குஞ்சுகளை நினைத்து நான் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை. அதனால் சொல்கிறேன், இரண்டையும் கலக்காதீர்கள்.

அடுத்த வருஷம் வாத்து முட்டைகளை மட்டும் வைத்தோம். நாட்டுக்கோழி முட்டை 40 கிராம் அளவுதான் இருக்கும். வாத்து முட்டை 65, 70 கிராம் இருக்கும். கோழியின் உடம்புக்குள் அடங்க வேண்டுமே, எட்டு முட்டைக்கு மேல் வேண்டாம். அகலக் கூடையில் மணல் பரப்பி மேலே வைக்கோல் போடுங்கள். முட்டையை அடிக்கடி புரட்டிவிடாவிட்டால் உள்ளே வளரும் கரு ஓட்டின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். இவ்வளவு பெரிய முட்டையைக் கோழியால் சரியாகப் புரட்ட முடியாமல் போகலாம். ஒரு பக்கம் பென்சிலால் குறி போட்டு வைத்தால், புரண்டதா இல்லையா என்று நமக்குத் தெரிந்துவிடும். கோழி இரை தின்ன இறங்கும்போது நாமே புரட்டிவிடலாம். 28 நாள் என்பது கோழிக்கு நீண்ட தவம். கம்பும் தண்ணீரும் கூடைக்குப் பக்கத்திலேயே வையுங்கள்.

ஏழாம் நாள் இரவு, இருட்டறையில் ஒரு முட்டையை டார்ச் வெளிச்சத்தின்மேல் பிடித்துப் பாருங்கள். சிலந்தியின் கால்கள்போல் சிவப்பு நரம்புகள் பரவியிருந்தால் கரு வளர்கிறது. ஒன்றும் தெரியாமல் வெளிச்சம் தெளிவாக ஊடுருவினால் அது பொரியாது. எடுத்துவிடலாம்.

முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. அவற்றின் வழியாகக் காற்று உள்ளே போகிறது, ஈரம் வெளியேறுகிறது. தாய் வாத்தாக இருந்தால் நீந்திவிட்டு நனைந்த இறகோடு முட்டைமேல் வந்து உட்காரும். கோழியிடம் அந்த ஈரம் ஏது? அதனால் கடைசி ஒரு வாரம் அப்பாயி தினமும் வெதுவெதுப்பான தண்ணீரை முட்டைகள்மேல் லேசாகத் தெளிப்பார். அடைகாக்கிறவள் கோழி. அவளால் கொடுக்க முடியாததை நாம் கொடுத்தாக வேண்டும்.

26ஆம் நாள் முட்டைக்குள்ளிருந்து கீச்சுக்குரல் கேட்டது. குஞ்சின் அலகு நுனியில் ஒரு சின்னக் கொம்பு இருக்கும். அதைக்கொண்டுதான் ஓட்டைத் தட்டி உடைக்கும். சில நாளில் அது உதிர்ந்துவிடும். ஓடு விரிசல் விட்ட பிறகும் வாத்துக்குஞ்சு வெளியே வர ஒரு நாளுக்கு மேல் ஆகலாம். அவசரப்பட்டு உரிக்காதீர்கள், ரத்தம் கசியும். மிச்சமிருக்கும் மஞ்சள்கரு அதன் வயிற்றுக்குள் போய்ச் சேர அந்த நேரம் வேண்டும். அந்த மஞ்சள்கருதான் பிறந்த ஓரிரு நாளுக்கு அதன் சாப்பாடு.

ஆறு குஞ்சுகள் வந்தன. ஆறும் கருப்பியின் பின்னாலேயே ஓடின. பிறந்தவுடன் பார்க்கும், கேட்கும் முதல் அசையும் உருவத்தை அம்மா என்று மனத்தில் பதித்துக்கொள்வது இந்தப் பறவைகளின் இயல்பு. கான்ராட் லோரன்ஸ் என்ற ஆஸ்திரிய விஞ்ஞானி இதை விரிவாக ஆராய்ந்தார். காட்டு வாத்துக் குஞ்சுகள் தன் பின்னால் வருவதற்காக அவர் குனிந்து தவழ்ந்தபடி வாத்துபோலவே கத்திக்கொண்டு போனாராம். 1973இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர்.

யார் அம்மா என்பதைக் குஞ்சு பிறந்த பிறகு கற்றுக்கொள்கிறது. நீந்துவதை அதற்கு யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. எங்கள் வாய்க்காலைப் பார்த்ததும் ஆறும் சளக்கென்று இறங்கிவிட்டன. கருப்பி கரையில் அங்குமிங்கும் ஓடிக் கதறியது. அதைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். அதன் இதயம் அவ்வளவு வேகமாக அடித்தது.

நீங்கள் ஒன்றைக் கவனியுங்கள். நனையாமல் இருக்க, வாத்து தன் வாலடியில் உள்ள சுரப்பியின் எண்ணெயை இறகில் பூசிக்கொள்ளும். ஆனால் சின்னக் குஞ்சின் பஞ்சுத்தூவி சீக்கிரம் ஊறிவிடும், குஞ்சு குளிரில் செத்துப்போகும். முதல் சில வாரம் வெயில் நேரத்தில், ஆழமில்லாத தட்டில், கொஞ்ச நேரம் மட்டும் விடுங்கள். குடிக்கும் தண்ணீர் மட்டும் மூக்குத்துளை முங்கும் அளவு இருக்கட்டும். தவிட்டை விழுங்கவும், மூக்கைக் கழுவிக்கொள்ளவும் வாத்துக்கு அது அவசியம்.

இரைக்குக் கரையான்தான் அருமை. பழைய பானையில் காய்ந்த சாணம், கந்தல் சாக்கு, ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். காலையில் நிமிர்த்தினால் கரையான் மொய்த்திருக்கும். பூசணம் பிடித்த சோளத்தையும் கடலைப் பிண்ணாக்கையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் போடாதீர்கள். 1960இல் இங்கிலாந்தில் லட்சம் வான்கோழிக் குஞ்சுகள் மடிந்தன. தேடிப் பார்த்தபோது தீவனத்தில் இருந்த கடலைப் பிண்ணாக்கின் பூஞ்சை நஞ்சுதான் காரணம் என்று தெரிந்தது. அஃப்ளடாக்சின் என்ற அந்த நஞ்சு வாத்துக்குஞ்சை மிகச் சிறிய அளவிலேயே கொன்றுவிடும். கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் தடுப்பு மருந்தைக் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுங்கள். குஞ்சுகளைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

கூர்முட்டையில் ஆண், உருண்டை முட்டையில் பெண் என்பது அப்பாயியின் நம்பிக்கை. கூராக இருந்தவற்றில் அவர் கரிக்கோடு போட்டிருந்தார். அவற்றிலிருந்து வந்த மூன்று குஞ்சுகளின் காலில் நான் சிவப்பு நூலைத் தளர்வாகக் கட்டி, கால் பருக்கப் பருக்க மாற்றிக்கொண்டே வந்தேன். பறவைகளில் ஆணா பெண்ணா என்பது தாயின் கருவணுவிலேயே முடிவாகிவிடும். ஓடு அதற்குப் பிறகுதான் உருவாகிறது. இது எனக்கு அப்போது தெரியாது.

வளர்ந்த ஆண் வாத்தின் வாலில் ஓரிரு இறகுகள் மேல்நோக்கிச் சுருண்டிருக்கும். குரல் கரகரவென்று அடங்கி ஒலிக்கும். உரக்கக் கத்துவது பெண்தான். நான்காம் மாதம் சிவப்பு நூல் கட்டிய மூன்றில் ஒன்றின் வாலில்தான் சுருள் வந்தது. மற்ற இரண்டும் ஊரே கேட்கும்படி கத்திக்கொண்டு, சாயங்காலமானால் கருப்பியின் பஞ்சாரத்துக்குள் நுழைய முட்டிமோதின.