அம்மம்மாவின் சேலையில் ஒரு மீன்

ஆடி அமாவாசைத் தீர்த்தம் நெருங்கிவிட்டால் மட்டக்களப்பின் அமிர்தகழியில் கால் வைக்க இடமிருக்காது. இறந்துபோன தந்தையரை நினைத்து மாமாங்கேஸ்வரர் கோயில் தீர்த்தக்குளத்தில் முழுக வருகிறவர்கள் ஒருபக்கம். கச்சான் கடை, வளையல் கடை, பொம்மைக் கடை என்று பிள்ளைகள் இழுத்த இழுப்புக்குப் போகிறவர்கள் இன்னொருபக்கம். அங்கே தொங்கும் பஞ்சுப் பொம்மைகளில் கரடி இருக்கும், பாண்டா இருக்கும், வரிக்குதிரையும் இருக்கும். மட்டக்களப்பு வாவியின் மீனைக் காண்பது அரிது. தயிருக்குப் பெயர்போன ஊரில் ஓர் எருமைக் கன்றைக்கூடத் தேடவேண்டியிருக்கிறது. இந்தக் குறையைத் தீர்க்க ஊசியும் நூலும் ஒரு பழஞ்சேலையும் போதும். சட்டைக்குப் பொத்தான் தைக்கத் தெரிந்தவரால் ஒரு மீனையும் தைக்க முடியும்.

உலகப் புகழ்பெற்ற துணி விலங்குகளின் கதையும் ஒரு தையல்காரியிடம்தான் தொடங்குகிறது. ஜெர்மனியின் கீங்கன் நகரில் வாழ்ந்த மார்கரெட்டே ஸ்டைஃப் குழந்தைப் பருவத்திலேயே போலியோவால் கால்கள் செயலிழந்தவர். வலது கையும் அவருக்குச் சரியாக இயங்காது. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தையல் கற்று, அதையே தொழிலாக்கிக்கொண்டார். 1880 இல் ஊசி குத்திவைப்பதற்கென்று அழுத்தக் கம்பளித் துணியில் சின்னஞ்சிறு யானைகளைத் தைத்தார். அவற்றைப் பிள்ளைகள் விளையாட எடுத்துக்கொண்டார்கள். ஊசிமெத்தை பொம்மையானது அப்படித்தான். அவருடைய மருமகன் ரிச்சர்ட் 1902 இல் கைகால் அசையும் கரடியை வடிவமைத்ததெல்லாம் அதற்குப் பிறகு.

எங்களுக்குக் கம்பளி வேண்டாம். நூல் சேலை இருக்கிறது. பல வருடம் உடுத்தித் துவைத்து மெதுமெதுவென்று வந்த சேலை புதுத்துணியைவிட நூறு மடங்கு மேல். அதில் வீட்டின் வாசம் இருக்கும். பிரித்தானியக் குழந்தை மருத்துவரும் உளப்பகுப்பாய்வாளருமான டொனால்ட் வினிகொட் 1950களின் தொடக்கத்தில் இதைப்பற்றி எழுதினார். தாயை விட்டு மெல்ல மெல்ல விலகப் பழகும் குழந்தை ஒரு துணித்துண்டையோ பொம்மையையோ பற்றிக்கொள்கிறது. அது அழுக்கானாலும் நாறினாலும் தாய் அவசரப்பட்டுத் துவைப்பதில்லை, துவைத்தால் குழந்தைக்கு ஏதோ அறுந்துபோகும் என்று அவளுக்குத் தெரியும் என்றார் அவர். அம்மாவின் சேலைத்தலைப்பைப் பிடித்துக்கொண்டு உறங்கிய எந்தப் பிள்ளையும் இதை மறுக்காது.

மீனைச் சொல்வதற்கு இரண்டு காரணம். ஒன்று, அது எங்களுடையது. நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் வாவிக்குள்ளிருந்து எழும் ஒலியைக் கேட்க எங்கிருந்தெல்லாமோ வந்திருக்கிறார்கள். இலங்கையில் பிரித்தானிய அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் தானே தோணியில் போய்க் கேட்டு, 1859 இல் வெளிவந்த தன் நூலில் எழுதிவைத்தார். கத்துவது ஊரி என்னும் நத்தைதான் என்று மீனவர்கள் சொன்னதையும் குறித்தார். ஊரியோ மீனோ, ஊருக்குப் பாடும் மீன் என்ற பேர் நிலைத்துவிட்டது. இரண்டாவது காரணம், கால்களும் காதுகளும் இல்லாத விலங்கைத் தைப்பது சுகம். இரண்டு துண்டுத் துணி, சுற்றிவர ஒரே தையல்.

அமிர்தகழியில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மம்மா தைப்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பழைய கலண்டர் தாளில் மீனை வரைந்தார். வேண்டியதைவிடக் கொழுத்த மீன். பஞ்சு அடைத்தால் உருவம் ஒடுங்கிவிடும் என்பது அவருக்குக் கைப்பழக்கம். சேலை மெலிந்திருந்ததால் இரண்டாக மடித்துப்போட்டு, கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் விட்டு வெட்டினார். நல்ல பக்கங்கள் உள்ளே பார்க்க இரண்டையும் சேர்த்துப் பிடித்தார். செட்டைகளை இந்த நேரத்தில்தான் வைக்கவேண்டும், அதுவும் உள்நோக்கி. துணியைப் புரட்டும்போது அவை தாமாக வெளியே வந்து நிற்கும். முதன்முறை தைக்கிறவர்கள் தடுமாறுவது இங்கேதான்.

இரட்டை நூலில், ஒவ்வோர் எட்டுக்கும் ஊசியைப் பின்னுக்குக் கொண்டுபோய் எடுக்கும் பின்தையல். வெறும் ஓட்டுத்தையல் பிள்ளை இழுக்கும் இழுப்புக்கு நிற்காது. வயிற்றுப் பக்கம் மூன்று விரல் நுழைய இடம் விட்டு, வளைவுகளில் தையல் வரைக்கும் போகாமல் கத்தரியால் சின்னச் சின்ன வெட்டு. இல்லாவிட்டால் புரட்டியதும் துணி சுருக்கு விழும். பிறகு துணியைப் புரட்டி, பென்சிலின் மொட்டைப் பக்கத்தால் வாலின் நுனிக்கு முதலில் பஞ்சு. கிள்ளிக் கிள்ளித்தான் வைக்கவேண்டும், பிடிபிடியாகத் திணித்தால் முண்டுமுண்டாக நிற்கும். பேத்திக்குப் பொறுமை இல்லை.

“அம்மம்மா, மீனுக்குக் கண் எங்க?”

“பொறு மனே, கண்ணைக் கடைசியாத்தான் வைப்பன்.”

அந்தக் கண்ணுக்கு அவர் பொத்தான் எடுக்கவில்லை. கறுப்பு நூலை நெருக்கமாக ஓட்டித் தைத்தார். இந்த ஒன்றில் மட்டும் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஐரோப்பிய, அமெரிக்கப் பொம்மைப் பாதுகாப்பு விதிகளில் 31.7 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஒரு சிறு குழாயை வைத்துப் பார்ப்பார்கள். கழன்று அதற்குள் முழுதாக அடங்கும் எந்தத் துண்டும் மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையின் பொம்மையில் இருக்கக்கூடாது. சட்டைப் பொத்தான் அதற்குள் தாராளமாகப் போய்விடும், பிள்ளையின் தொண்டைக்குள்ளும் போய்விடும். மணியும் கிலுகிலுப்பையும் அப்படித்தான். ஒரு வயது நிரம்பாத குழந்தை உறங்கும் இடத்தில், எவ்வளவு அன்போடு தைத்த பொம்மையானாலும், வைக்கவே வேண்டாம். மூச்சு முட்டும்.

பஞ்சைப் பற்றியும் சொல்லவேண்டும். இலவம் பஞ்சு இலேசு, இதமானது. அதன் இழை உள்ளே வெறுமையானது, மேலே மெழுகுப் பூச்சுள்ளது. நீரில் மிதக்கும் என்பதால் ஒரு காலத்தில் கப்பற்காரரின் உயிர்காப்பு அங்கிக்குள் அதைத்தான் அடைத்தார்கள். ஆனாலும் துவைத்தால் கட்டிபடும், எங்கள் வாவிக்கரை ஈரக்காற்றில் பூஞ்சணமும் பிடிக்கும், தூசு கண்டால் இழுக்கிற பிள்ளைக்கு ஆகாது. அப்படிப்பட்ட வீட்டில் பழைய தலையணையின் பொலியெஸ்டர் பஞ்சே உத்தமம். மருதமுனைக் கைத்தறிச் சாரத்தின் வெட்டுத்துண்டு கிடைத்தால் மீனின் முதுகுக்குப் போடுங்கள். அடித்தாலும் கிழியாது.

ஊசிநூலுக்கு இந்தக் கரைகளில் இன்னொரு வரலாறும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, தமிழ்நாட்டின் ஆரோவில்லில் உமா பிரஜாபதியின் ‘உபாசனா’ நிறுவனம் மீனவப் பெண்களைக் கூட்டி, தையலில் மிஞ்சிய துண்டுத்துணியில் விரலளவுப் பொம்மைகள் செய்யவைத்தது. ‘சுனாமிகா’ என்ற அந்தப் பொம்மையை விற்கவில்லை, பரிசாகவே கொடுத்தார்கள். கடலைப் பார்க்கவே அஞ்சிய பெண்களின் கைக்கு அது வேலை கொடுத்தது. மட்டக்களப்பில் அதற்கு முன்பே, 1996 இல், இயேசு சபைத் துறவி போல் சற்குணநாயகம் அடிகளாரும் கனடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்காவில், போரைக் கண்ட தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் ஒன்றாக இருந்து களிமண் பிசைந்தார்கள், வர்ணம் தீட்டினார்கள், கதை கட்டினார்கள். வாயால் சொல்ல முடியாததைக் கைவேலை தாங்கிக்கொள்ளும் என்று இரண்டு கரைகளிலும் நம்பியிருக்கிறார்கள். நானும் நம்புகிறேன். அதனால்தான் ஏழெட்டு வயதுப் பிள்ளை பக்கத்தில் நின்றால் பஞ்சு அடைக்கும் வேலையையாவது கொடுங்கள் என்று கேட்கிறேன்.

தைத்து முடித்தபின் செட்டைகளை இரண்டு கையாலும் நன்றாக இழுத்துப் பாருங்கள். விடும் தையல் அப்போதே விடட்டும். வாலடியும் செட்டையடியும்தான் முதலில் பிரியும் இடங்கள். பஞ்சு கட்டிபட்டால் வயிற்றுத் தையலை மட்டும் பிரித்து, பஞ்சை வெயிலில் காயவைத்து உதிர்த்து மீண்டும் அடைக்கலாம். துணி நைந்தால் ஒட்டுப்போடுங்கள். சிறுத்துப்போன சட்டை எப்படியும் ஒன்று அலுமாரியில் கிடக்கும்.