சேற்றில் சிக்கிய டிராக்டரை வின்ச் கொண்டு மீட்கும் முறை

சம்பா நடவுக்குச் சேடை உழும் நாட்களில் காவிரி டெல்டாவின் களிமண் வயல்களில் டிராக்டர் புதைந்து நிற்பது விவசாயிகள் நன்கறிந்த காட்சி. புதைந்து நிற்கும் டிராக்டரால் யாருக்கும் தீங்கு இல்லை. அதை வெளியே எடுக்கும் அவசரத்தில்தான் உயிர் போகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் செயல்விளக்கத்துக்குச் சென்றிருந்தபோது, பக்கத்து வயலில் இப்படி ஒரு டிராக்டரை மற்றொரு டிராக்டரால் இழுத்துக் கொண்டிருந்தனர். கட்டியிருந்தது நைலான் கயிறு. அதைத் தொய்வாக விட்டு, வெடுக்கென்று இழுத்தார்கள். மூன்றாவது இழுப்பில் கயிறு அறுந்தது. அதன் நுனியில் இருந்த இரும்புக் கொக்கி பறந்து போய் வரப்பிலிருந்த பனைமரத்தில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குப் பதிந்தது. அந்த மரத்தடியில் நின்றிருந்த பையன் அப்போதுதான் தேநீர் வாங்கி வரப் போயிருந்தான். நைலான் நீண்டு கொடுக்கும் கயிறு. நீளும்போது வில்லைப் போல விசையைச் சேர்த்து வைத்து, அறும்போது மொத்தமாக வெளியே விடும்.

இதைவிடக் கொடியது இன்னொரு வழக்கம். பின்சக்கரத்துக்கு முன்னே மரக்கட்டையை வைத்து, அதைச் சங்கிலியால் சக்கரத்தோடு பிணைத்து, முதல் கியரில் கிளட்சை விடுகிறார்கள். கட்டை சேற்றில் ஊன்றிக் கொண்டால் சக்கரம் சுழலாது. இன்ஜின் விசை எங்கேயாவது போய்த்தானே ஆக வேண்டும்? சக்கரத்துக்குப் பதிலாக டிராக்டரின் உடல், பின் அச்சைச் சுற்றிச் சுழலத் தொடங்கும். முன்பக்கம் மேலே எழும்பும். எழும்பத் தொடங்கி முக்கால் விநாடியில், இனி மீட்க முடியாது என்ற நிலை வந்துவிடும். ஒன்றரை விநாடியில் டிராக்டர் ஓட்டுநர் மீது கிடக்கும். ஆபத்தை உணர்ந்து காலைக் கிளட்சில் வைப்பதற்கே ஏறக்குறைய முக்கால் விநாடி ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். உதவிக்கு வரும் டிராக்டருக்கும் இதே கதி நேரலாம். டாப் லிங்க் மாட்டும் இடத்திலோ பின் அச்சிலோ கயிற்றைக் கட்டினால் அதுவும் பின்னோக்கிக் கவிழும். அச்சுக்குக் கீழே தாழ்வாக உள்ள டிராபாரில்தான் கட்ட வேண்டும்.

இந்த இரண்டு ஆபத்துகளும் இல்லாத வழி, கையால் இயக்கும் நெம்புகோல் வின்ச். கைப்பிடியை முன்னும் பின்னும் அசைத்தால், உள்ளே இருக்கும் இரு தாடைகள் இரும்பு வடத்தை மாறி மாறிக் கவ்விச் சில செ.மீ. வீதம் இழுக்கும். வெடுக்கென்ற இழுப்பு கிடையாது; கையை எடுத்தால் அந்த இடத்திலேயே நிற்கும். ஊரில் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கி வைத்துக் கொள்ளலாம்.

எவ்வளவு விசை தேவை?

45 குதிரைத் திறன் டிராக்டரின் எடை ஏறத்தாழ 2 டன். சக்கரம் வரை புதைந்திருந்தால் அதை இழுக்க அதன் எடையளவு விசை வேண்டும். மட்கார்டு வரை புதைந்திருந்தால் அதைப் போல இரு மடங்கு. ஆகவே 1.5 டன் வின்ச் நேராக இழுத்தால் போதாது. இங்கே கப்பி கை கொடுக்கும். வின்ச்சை மரத்தில் கட்டி, வடத்தை டிராக்டரில் மாட்டிய கப்பி வழியாகத் திருப்பி, நுனியை மீண்டும் மரத்திலேயே கட்டினால், உராய்வு போக ஏறத்தாழ 2.7 டன் இழுவை கிடைக்கும். வேகம் பாதியாகும், அதனால் நட்டமில்லை. கப்பியை டிராக்டரில் மாட்டாமல் மரத்தில் மாட்டினால் இழுக்கும் திசை மாறுமே தவிர விசை கூடாது. இதில் பலர் ஏமாறுகின்றனர்.

இழுக்கும் முன் மண்வெட்டி வேலை அவசியம். தண்ணீரை வடித்து, சக்கரம் நகர வேண்டிய பக்கம் சரிவாக வெட்டி, ரோட்டவேட்டரைக் கழற்றிவிட்டால் பாதி வேலை முடிந்தது. முன்னால் இழுப்பதைவிட, வந்த தடத்திலேயே பின்னுக்கு இழுப்பது பெரும்பாலும் எளிது. பின்னால் கெட்டித் தரை இருப்பது நமக்குத் தெரியும். கியரை நியூட்ரலில் வைத்து, இன்ஜினை நிறுத்தி, ஆசனத்திலிருந்து ஆளை இறக்கிவிட வேண்டும்.

மரத்தில் கட்டும்போது தரையை ஒட்டிக் கட்ட வேண்டும். மழையில் ஊறிய மண்ணில் நிற்கும் தென்னையை நம்பக் கூடாது. மரமே இல்லாத வெளியில், இழுக்கும் திசைக்குக் குறுக்கே ஒரு மீட்டர் ஆழத்துக்குக் குழி வெட்டி, பருத்த கட்டையைப் புதைத்து, அதன் நடுவில் கட்டலாம். சாலையில் நிறுத்திக் கல் அண்டை கொடுத்த டிராக்டரும் முளைக்குப் பதிலாக உதவும்.

வடமும் கொக்கியும்

12 மி.மீ. இரும்பு வடம் புதிதாக இருக்கையில் ஏறத்தாழ 7 டன் பளுவில் அறும். ஆனால் அதில் ஐந்தில் ஒரு பங்கை, அதாவது ஏறத்தாழ 1.4 டன்னைத் தாண்டக் கூடாது. கம்பி இழைகள் அறுந்து முள்ளாக நீட்டிக் கொண்டிருக்கும் வடம், முறுக்கு விழுந்து மடிந்த வடம், துருவேறிய வடம் ஆகியவை கொட்டகைக்குக் கொடி கட்டத்தான் ஏற்றவை. கொக்கியை வடத்தின் மீதே சுற்றி மாட்டினால் வடம் அந்த இடத்தில் நசுங்கும். தனிச் சங்கிலியும் ஷேக்கிளும் கொண்டு மாட்டுவதே முறை. தோல் கையுறை இல்லாமல் வடத்தைத் தொட வேண்டாம்.

வடம் இறுகியதும் அதன் நடுவில் ஈரச் சாக்கு இரண்டைப் போட்டுவிட வேண்டும். அறுந்தாலும் துள்ளலை அது அடக்கும். வின்ச் இயக்குபவர் தவிர மற்ற அனைவரும் வடத்தின் நீளத்தைவிடக் கூடுதல் தொலைவில் நிற்க வேண்டும். வடத்தின் நேர்க்கோட்டிலோ, கப்பியில் மடங்கும் கோணத்துக்குள்ளோ ஒருவரும் நிற்கலாகாது. வேடிக்கை பார்க்கும் குழந்தைகளை விரட்ட ஒருவரைத் தனியாக நியமிப்பது நல்லது. வடத்தைத் தாண்டிக் கடப்பது கூடவே கூடாது.

கைப்பிடி கனத்தால் குழாய் சொருகி நீட்டுவது நம்மவர் பழக்கம். அதைச் செய்ய வேண்டாம். அளவுக்கு மீறிய பளு வந்தால் தானே முறியும்படி கைப்பிடியில் சிறு ஊசி பொருத்தியிருப்பார்கள். அது முறிந்தால் வின்ச் கெட்டுவிட்டதாகப் பொருளல்ல. பளு மிகுதி என்று பொருள். அந்த இடத்தில் ஆணியையோ போல்ட்டையோ அடிக்காமல், மீண்டும் சேற்றை வெட்டுங்கள். தயாரிப்பாளர் தரும் ஊசியையே போடுங்கள். ஜீப்பிலும் மேடுபள்ள நிலத்துக்கான நாற்சக்கர வண்டிகளிலும் உள்ள மின் வின்ச்சானால், உருளையில் குறைந்தது ஐந்து சுற்று வடம் எப்போதும் மிஞ்சியிருக்க வேண்டும்.

டிராக்டர் கரையேறியதும் உடனே உழவுக்கு ஓட்டிச் செல்லக் கூடாது. கியர் பெட்டியிலும் பின் அச்சிலும் சேற்று நீர் புகுந்திருந்தால் எண்ணெய் பால் போல வெளுத்திருக்கும். அப்படியிருந்தால் முழுவதும் வடித்துப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும். வடத்தைக் கழுவி, நிழலில் உலர்த்தி, எண்ணெய்த் துணியால் துடைத்துச் சுருட்டி வைக்கவும்.