நெய்மீனும் ஒரு மைனஸ் குறியும்

குளச்சலில் வாங்கிய 10 கிலோ நெய்மீன் ஒன்றை ஸ்பிரிங் தராசில் மாட்டுவதாக வைத்துக்கொள்வோம். பதினோராம் வகுப்பு மாணவர்களைத் திணறடிக்கும் கணக்கு முழுவதும் அந்தக் கொக்கியில்தான் தொங்குகிறது.

சுருள்வில் 5 சென்டிமீட்டர் நீண்டு நிற்கிறது. புவியீர்ப்பு முடுக்கத்தை வசதிக்காக 10 என்று எடுத்தால், மீனின் எடை கீழ்நோக்கி 100 நியூட்டன். மீன் அசையவில்லை, ஆகவே சுருள்வில்லும் அதை 100 நியூட்டனால் மேலே இழுக்கிறது. சென்டிமீட்டருக்கு 20 நியூட்டன். இதுவரை குழப்பமில்லை. ஹூக் விதியை எழுதும்போதுதான் வில்லங்கம்: சுருள்விசை = – மாறிலி × இடப்பெயர்ச்சி.

ராபர்ட் ஹூக் இந்த விதியை 1676இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டு, 1678இல்தான் விடையைச் சொன்னார். நம் பிள்ளைகளுக்கோ அந்த மைனஸ்தான் புதிர். பலர் அதைக் ‘கீழே’ என்று படித்துவிடுகிறார்கள். ‘இடப்பெயர்ச்சிக்கு எதிராக’ என்பது மட்டுமே அதன் பொருள்.

கீழ்த்திசையை பிளஸ் என்று வைத்தால் இடப்பெயர்ச்சி +5. சுருள்விசை –100, அதாவது மேலே. மேல்திசையை பிளஸ் என்று வைத்தால் இடப்பெயர்ச்சி –5. மைனஸும் மைனஸும் சேர்ந்து சுருள்விசை +100. அதுவும் மேலேதான். குறி நம் விருப்பம். திசை நம் விருப்பமல்ல. பாதி வழியில் பிளஸ் திசையை மாற்றுகிறவர்களுக்குத்தான் மதிப்பெண் போகிறது.

இனி, மீனை மெல்ல இறக்காமல் சட்டென்று கையை விடுங்கள். முள் 10ஐத் தாண்டி ஏறக்குறைய 20 கிலோ வரை பாயும். அடிமட்டத்தில் மீன் ஒரு கணம் நிற்கிறது. வேகம் சுழியம் என்பதால் விசையும் சுழியம் என்று எழுதுவது வழக்கமான தவறு. சுருள்வில் அப்போது 10 சென்டிமீட்டர் நீண்டிருக்கிறது. மேலே 200, கீழே 100. மிச்சம் 100 நியூட்டன் மேல்நோக்கி. அதனால்தான் மீன் துள்ளித் திரும்புகிறது. மீன் போகும் திசையைச் சுருள்வில் பார்ப்பதில்லை. தான் எவ்வளவு நீண்டிருக்கிறது என்பதே அதற்குக் கணக்கு.

இன்னொன்று: மீனை மேலே இழுக்கும் அதே சுருள்வில், தன்னைத் தாங்கும் உத்திரத்தைக் கீழே இழுக்கிறது. ஆகவே ‘சுருள்விசை எந்தப் பக்கம்?’ என்ற கேள்வி அரைக் கேள்விதான். எந்தப் பொருளின் மேல் என்று முதலில் கேட்டு, அதற்கு மட்டும் அம்புக்குறி வரையுங்கள். பிளஸ், மைனஸ் பிறகு.

சந்தையிலானால், முள் ஆடி ஓயும்வரை காசை நீட்டாதீர்கள்.