மின்சாரத்தின் வழி - 9: கம்பியும் காற்றும்

சென்ற வாரம் மின்மாற்றியில் அழுத்தம் உயர்த்தப்பெற்ற மின்சாரம், இப்பொழுது கோபுரங்களின் மேல் தொங்கும் கம்பியை வந்தடைகிறது. நம் தேசத்தின் 400 கிலோவோல்ட் பாதைகளில் மிகுதியாகக் கையாளப்படும் ‘மூஸ்’ என்னும் கம்பியைக் குறுக்கே அறுத்துப் பார்த்தால், நடுவே 7 எஃகு இழைகளும், அவற்றைச் சூழ்ந்து மூன்று சுற்றாக 54 அலுமினிய இழைகளும், ஒவ்வொன்றும் 3.53 மில்லிமீட்டர் பருமனில் முறுக்கேறி நிற்கக் காணலாம். இழுவிசையின் கணிசமான பங்கை எஃகு தாங்க, மின்சாரத்தைப் பெரிதும் அலுமினியம் சுமக்கிறது.

விநாடிக்கு 50 சுழற்சியாக முன்னும் பின்னும் அலையும் மாறுதிசை மின்சாரம், கம்பியின் உள்ளும் புறமும் ஓயாது மாறும் காந்தப் புலத்தை உண்டாக்குகிறது. அப்புலம் மத்தியில் ஓடும் பிரவாகத்தையே அதிகமாகத் தடுப்பதால், மின்சாரம் மையத்தை விலகி மேற்பரப்பை நாடுகிறது. 1883-இல் ஹொரேஸ் லாம்ப் கோளவடிவக் கடத்திகளுக்குக் கணக்கிட்டு, 1885-இல் ஆலிவர் ஹெவிசைடு பிற வடிவங்களுக்கும் விரித்துரைத்த இவ்வுண்மைப்படி, கனத்த அலுமினியத்தில் சுமார் 12 மில்லிமீட்டர் ஆழம் செல்வதற்குள் பிரவாகத்தின் செறிவு ஏறக்குறைய மூன்றிலொரு பங்காகிவிடும். மூஸ் கம்பியின் அலுமினியப் போர்வையோ சுமார் 10.6 மில்லிமீட்டர் கனமே உடையது. ஆகவே அவ்வுலோகம் வீணாவதில்லை.

எனினும் கம்பியின் திராணியை நிர்ணயிப்பது உலோகம் மட்டுமன்று என்பதையே நான் இங்கு வற்புறுத்த விரும்புகிறேன். மின்னோட்டம் இரட்டித்தால் உஷ்ணம் நான்கு மடங்காகும் என்பது 1841-இல் ஜூல் வெளியிட்ட நியதி. அதனோடு வெயிலின் வெப்பமும் சேர்கிறது. உறையேதுமின்றி வெட்டவெளியில் தொங்கும் கம்பிக்கு இவ்வுஷ்ணத்தை வெளியேற்ற உள்ள மார்க்கங்கள், மேனியைத் தழுவும் காற்றும் தானே உமிழும் கதிரும் ஆகிய இரண்டுதாம். புதிதாய்ப் பளபளக்கும் கம்பி கதிர்வீசுவதில் மந்தமானது. வெயிலிலும் மழையிலும் கிடந்து கறுத்த கம்பி நன்றாக உமிழும், ஆயினும் வெயிலையும் அதுவே மிகுதியாக உட்கொள்ளும். காற்றோ, குறுக்கே வீசினால் பேருபகாரம் செய்யும். நெடுக வீசினால் அவ்வுபகாரம் பாதிக்கும் கீழே குறைந்துவிடும்.

உஷ்ணம் ஏற ஏறக் கம்பி நீண்டு தொய்கிறது. 2003 ஆகஸ்ட் 14 பிற்பகலில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் 345 கிலோவோல்ட் பாதைகள் மூன்று, தமக்கு விதித்த மின்னோட்ட எல்லையைத் தாண்டாமலே, வெட்டாது வளரவிட்ட மரங்களைத் தொட்டு ஒன்றன்பின் ஒன்றாகச் செயலிழந்தன. அவற்றின் சுமை பிற பாதைகளின்மேல் விழ, கட்டுப்பாட்டு அறையின் எச்சரிக்கை ஏற்பாடும் பழுதுபட்டிருக்க, அமெரிக்காவிலும் கனடாவிலுமாகச் சுமார் 5 கோடி மக்கள் இருளில் ஆழ்ந்தனர்.

இத்தகைய அபாயங்களை எண்ணியே, கம்பியின் எல்லையைக் கணக்கிடுவோர் விநாடிக்குச் சுமார் 0.6 மீட்டர் என்ற மிக மெல்லிய காற்றையே பெரும்பாலும் அனுமானித்துக்கொள்கின்றனர். சில நாடுகளில் காற்றையும் கம்பியின் உஷ்ணத்தையும் அவ்வப்போது அளந்து எல்லையை மாற்றியமைக்கும் வழக்கம் வந்துவிட்டது. நம் ஆரல்வாய்மொழிக் கணவாய்ப் பக்கம், தென்மேற்குப் பருவக்காற்றில் காற்றாலைகள் மும்முரமாய்ச் சுழன்று மின்சாரத்தைக் குவிக்கும் வேளையே அருகிலுள்ள கம்பிகளும் நன்கு குளிரும் வேளையாதலால், இம்முறை அங்கே மிகவும் பொருந்தும் என்பது என் திடமான அபிப்பிராயம்.