சுவரின் மொழி: பாரிஸ் நகரச் சுவர்க்கீறல்கள் குறித்த பிரஸ்ஸாயின் சிந்தனைகள்

முன்னுரை

நகரத்து அன்றாட வாழ்க்கையை ஆய்வுப் பொருளாகக் கொள்வோர் பெரும்பாலும் எழுத்துச் சான்றுகளையே நாடுகின்றனர். நாளிதழ், நகராட்சி ஆவணம், மக்கள்தொகைக் கணக்கு, புதினம் ஆகியவை அவர்களுக்குத் தரவுகளாகின்றன. தெருவோரச் சுவரில் யாரோ ஒருவர் ஆணியாலோ பேனாக்கத்தியாலோ கீறிவிட்டுப் போன முகத்தை அவர்கள் தரவாகக் கொள்வது அரிது. அத்தகைய கீறல்களை ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் தேடித் தேடிப் படமெடுத்ததோடு, அவை ஏன் கலையாகக் கருதத்தக்கவை என்பதை எழுத்திலும் நிறுவ முயன்றவர் பிரஸ்ஸாய் என்னும் ஒளிப்படக் கலைஞர். அவருடைய படங்களைப் பலர் அறிவர். அவருடைய எழுத்தை அறிந்தோர் சிலரே. பின்னதன் மீதே இக்கட்டுரை கவனம் செலுத்துகிறது. அவ்வெழுத்தில் நாம் ஏற்கத்தக்கவையும் உள்ளன, மறுக்க வேண்டியவையும் உள்ளன.

முதற்கண் சொல்லாட்சி பற்றிச் சிறிது கூறவேண்டியுள்ளது. 'கிராஃபிட்டி' என்னும் சொல் கீறுதல் எனப் பொருள்படும் இத்தாலிய வினையின் அடியாகப் பிறந்தது. இதனைத் தமிழில் 'சுவர்க்கிறுக்கல்' எனப் பெயர்ப்பதுண்டு. கிறுக்கல் என்றவுடனேயே இகழ்ச்சி வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆராயத் தொடங்குமுன்பே தீர்ப்பு வழங்கப்பட்டு விடுகிறது. தொல்லியலாரோ பானை ஓடுகளில் காணப்படும் குறிகளைச் சுட்ட அதே பிறமொழிச் சொல்லை எவ்வித இகழ்ச்சியுமின்றிக் கையாள்கின்றனர். பெருங்கற்காலப் பானைக் குறிகளையும் சிந்துவெளிக் குறிகளையும் ஒப்பிட்டு பி. பி. லால் எழுதிய ஆய்வுக்கட்டுரை வெளிவந்த 1960ஆம் ஆண்டிலேயே பிரஸ்ஸாயின் சுவர்க்கீறல் நூலும் வெளிவந்தது. இரண்டிற்கும் தொடர்பேதும் இல்லை. எனினும், பானையில் இருந்தால் சான்று, சுவரில் இருந்தால் குற்றம் என்னும் இரட்டைப் பார்வையை நாம் எண்ணிப்பார்க்க இத்தற்செயல் இடமளிக்கிறது. இக்கட்டுரையில் 'சுவர்க்கீறல்' என்னும் சொல்லே ஆளப்படுகிறது. பிரஸ்ஸாய் பெரிதும் நாடியவை கரியாலும் சுண்ணக்கட்டியாலும் வரையப்பட்டவை அல்ல, சுவரைக் குடைந்து செதுக்கப்பட்டவையே ஆதலின் இச்சொல் பொருத்தமும் உடையது.

ஊரைப் பெயராகக் கொண்டவர்

பிரஸ்ஸாயின் இயற்பெயர் டியூலா ஹாலாஸ். அவர் 1899ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள் திரான்சில்வேனியாவிலுள்ள பிரஷ்ஷோ நகரில் பிறந்தார். அன்று ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசில் இருந்த அந்நகரம் இன்று ருமேனியாவில் பிரஷோவ் என வழங்குகிறது. 'பிரஸ்ஸாய்' என்றால் 'பிரஷ்ஷோ ஊரினர்' என்பது பொருள். ஊர்ப்பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொள்ளும் வழக்கம் தமிழருக்குப் புதிதன்று. ஆயின் இவர் ஊரை மட்டும் வைத்துக்கொண்டு தம் பெயரையே விட்டுவிட்டார். புடாபெஸ்டிலும் பெர்லினிலும் ஓவியம் பயின்று, 1924ஆம் ஆண்டு பாரிஸை அடைந்து, செய்தியாளராகப் பிழைப்பு நடத்தினார். தொடக்கத்தில் ஒளிப்படத்தை அவர் ஒரு கலையாக மதிக்கவில்லை. இரவுத் தெருக்களில் தாம் கண்டவற்றை ஓவியத்திலோ சொல்லிலோ பிடிக்க இயலாமற் போன பிறகே, சக ஹங்கேரியரான அந்திரே கெர்த்தேஸின் தூண்டுதலும் சேர, 1929ஆம் ஆண்டையொட்டிக் கேமராவைக் கையிலெடுத்தார்.

அவர் கையாண்டது கண்ணாடித் தகடுகளைப் பயன்படுத்தும் சிறிய வோய்க்லாண்டர் கேமரா. முக்காலியில் அதனை நிறுத்தி, வில்லையைத் திறந்துவைத்துக் காத்திருக்கவேண்டும். எவ்வளவு நேரம்? ஒரு சிகரெட் எரியும் நேரம். வெளிச்சம் ஓரளவு உள்ள இடமானால் கோல்வாஸ் சிகரெட். இருள் மிகுந்தால் அதனினும் பருத்த பொயார் சிகரெட். வேடிக்கையாகத் தோன்றினும் இது நடைமுறைக்கு உகந்த அளவையே. இம்முறையில் எடுக்கப்பட்ட படங்கள் 'இரவில் பாரிஸ்' எனப் பொருள்படும் நூலாக, போல் மொரான் எழுதிய முன்னுரையுடன் 1932ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தன. அவற்றுள் எரிவாயு விளக்கேற்றுவோர், மலக்குழி வெறுமையாக்குவோர், ரயில் தண்டவாளம் செப்பனிடுவோர் ஆகியோரையும் காண்கிறோம். பிறர் உறங்கும்போது நகரத்தை இயக்கிக் கொண்டிருப்பவர்களின் பதிவு இது.

இங்கு ஒரு செய்தியை மறைத்தல் கூடாது. இப்படங்களுள் பல தற்செயலாகச் சிக்கியவை அல்ல. கேமராவின் மந்தகதி காரணமாகவும், பளிச்சென வெடிக்கும் மக்னீசியப் பொடியை வெளிச்சத்திற்கு நம்பியிருந்தமையாலும், மாந்தரை நிறுத்தியும் நடிக்கச்செய்தும் எடுக்கவேண்டியிருந்தது. இந்த வெடிப்பின் காரணமாகப் பிக்காசோ அவரைப் 'பயங்கரவாதி' என்று கேலிசெய்ததுண்டு. சுவர்க்கீறல்கள் இவ்வகையில் வேறானவை. சுவரை நடிக்கச் சொல்ல இயலாது.

குகைச் சுவரும் ஆலைச் சுவரும்

1933ஆம் ஆண்டு டிசம்பரில் 'மினோத்தோர்' என்னும் இதழில் சுவர்க்கீறல் பற்றிய அவருடைய முதற்கட்டுரை படங்களுடன் வெளிவந்தது. அதன் தலைப்பே அதன் கருதுகோள்: குகைச் சுவரிலிருந்து ஆலைச் சுவர் வரை. பாரிஸின் எளிய குடியிருப்புப் பகுதிகளில் காணும் குறிகள், தோர்தோன் குகைகளிலும் நைல், யூப்ரடீஸ் ஆற்றுவெளிகளிலும் கிடைத்த குறிகளோடு உறவுடையவை என்று அதில் அவர் வாதிடுகிறார். லாஸ்கோ குகை 1940ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. ஆயினும் தோர்தோனின் ஃபோன் தெ கோம், கொம்பரெல் ஆகிய குகைகள் 1901ஆம் ஆண்டிலேயே வெளிப்பட்டு, மனிதனின் தொன்மைக்கலை பற்றிய உரையாடல் சூடுபிடித்திருந்த காலம் அது. அதே இதழில் சால்வதோர் தாலியுடன் சேர்ந்து 'தன்னறியாச் சிற்பங்கள்' என்னும் படத்தொகுதியையும் பிரஸ்ஸாய் வெளியிட்டார். சட்டைப்பையில் விரல்கள் தம்மையறியாமல் சுருட்டிய பேருந்துச் சீட்டு போன்றவற்றை மிக அண்மையிலிருந்து எடுத்த படங்கள் அவை. இரண்டையும் சேர்த்துப் படித்தால் அவருடைய எண்ணம் விளங்கும்: கலை உண்டாக்கவேண்டும் என்னும் கருத்தின்றியே கலை உண்டாகும் இடங்கள் நகரில் உள்ளன, அவற்றைக் காண்பதே ஒளிப்படக்காரரின் தொழில்.

அவர் எழுத்தில் நமக்கு மிகுந்த பயன்தருவது சுவர் பற்றிய அவதானிப்பு. பாரிஸின் பழைய சுவர்கள் பல மென்மையான சுண்ணாம்புக் கல்லாலும் ஜிப்சப் பூச்சாலும் ஆனவை. கீறினால் கருவிக்கு இடங்கொடுக்கும். மழையாலும் உறைபனியாலும் தாமே குழிவிழும், வெடிக்கும், உரியும். கீறுபவர் வெற்றுத்தாளை எதிர்கொள்வதில்லை. முன்பே விழுந்திருக்கும் ஒரு குழி அவருக்குக் கண்ணாகத் தெரிகிறது. அருகில் இன்னொரு குழியைத் தோண்டுகிறார். இரண்டு துளைகள் போதும், முகம் பிறந்துவிடுகிறது. ஆகவே முதல் ஆசிரியர் சுவரே என்று கருதிய பிரஸ்ஸாய், பின்னாளில் தம் நூலின் முதற்பகுதிக்குச் 'சுவரின் முன்மொழிவுகள்' என்றே பெயரிட்டார். சுவரின் மொழி, முகத்தின் பிறப்பு, முகமூடிகளும் முகங்களும், விலங்குகள், காதல், சாவு, மந்திரம், தொன்மைப் படிமங்கள் என ஏனைய பகுதிகள் தொடர்கின்றன. இதயமும் அம்பும் காதற்பகுதியில், மண்டையோடு சாவுப்பகுதியில் என்றவாறு இப்பகுப்பு அமைகிறது.

ஜெர்மானியர் பாரிஸைக் கைப்பற்றியிருந்த ஆண்டுகளில் படமெடுக்க அவர்களிடம் அனுமதி பெறவேண்டியிருந்தது. பிரஸ்ஸாய் அதனைக் கேட்க மறுத்தார். வெளியில் படமெடுத்தல் தடைப்பட்ட அக்காலத்தில் பிக்காசோவின் சிற்பங்களைப் படமெடுத்தும், தாமே வரைந்தும் செதுக்கியும் காலங்கழித்தார். பிக்காசோவோடு நிகழ்ந்த உரையாடல்களை அவர் 1964ஆம் ஆண்டு நூலாக்கினார். அதிலும் சுவர்க்கீறல் பற்றிய பேச்சு இடம்பெறுகிறது.

குறிப்பேடும் சட்டகமும்

களப்பணி செய்வோர் அவருடைய முறையைக் கூர்ந்து நோக்குதல் தகும். அவர் சிறு குறிப்பேட்டை வைத்திருந்தார். ஒரு கீறலைக் கண்டால் அதனைக் கோட்டுருவமாக வரைந்து, தெருப்பெயரையும் குறித்துக்கொள்வார். வெயில் பக்கவாட்டில் சாய்ந்து விழும் வேளையறிந்து மீண்டும் வந்து படமெடுப்பார். நேர்வெளிச்சத்தில் தட்டையாகத் தோன்றும் கீறல், சாய்வொளியில் நிழல் கொண்டு புடைப்புச் சிற்பம்போல் எழும். கல்வெட்டுகளைப் படமெடுத்தோர் இவ்வுண்மையை நன்கறிவர். பல ஆண்டுகள் கழித்து அதே சுவருக்குத் திரும்பிச்சென்று, இடையில் யார் எதைச் சேர்த்தனர், எது அழிந்தது, எது ஆழப்பட்டது என்பவற்றையும் பதிவுசெய்தார்.

இவ்வளவு கவனத்தோடு தொகுக்கப்பட்ட விவரங்களுள் பெரும்பகுதி படத்தில் தென்படுவதில்லை என்பதே நமது முதன்மையான குறைகூறல். அவர் மிக நெருங்கி நின்று எடுக்கிறார். சட்டகத்திற்குள் கீறல் மட்டும் நிற்கிறது. அது பள்ளிக்கூடத்துச் சுவரா, மதுக்கடையின் பின்புறமா, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் உள்ளது என எதுவும் தெரிவதில்லை. உயரம் அறிந்தால் கீறியது குழந்தையா பெரியவரா என ஊகிக்கவாவது முடியும். தெருவை நீக்கியதால்தான் அம்முகங்கள் அருங்காட்சியகச் சிற்பங்களின் வீறு பெற்றன என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் நகரத்து அன்றாட வாழ்வின் சான்றாக அவற்றைக் கொள்ள விரும்புவோருக்கு இழப்பு இழப்பே. சொற்களும் அவர் தொகுப்பில் குறைவு. சுவர்களில் பெயர்களும் வசைகளும் அரசியல் முழக்கங்களும் நிறைந்திருந்த காலத்தில் அவர் கண்கள் பெரிதும் உருவங்களையே தேடின.

இரண்டாவது குறைகூறல் கருத்தியல் சார்ந்தது. சுவரில் கீறும் பாரிஸ்க் குழந்தையையும் குகைமனிதனையும் ஒரே தட்டில் வைப்பதும், வேற்றுக்கண்டத்து மக்களின் கலையைத் 'தொன்மை' என்னும் பெயரால் அத்தட்டிலேயே சேர்ப்பதும் 1930களின் ஐரோப்பிய அறிவுலகில் பரவலாக இருந்த நோக்கு. காலமும் சமயமும் தொழில்நுட்பமும் வேறுபட்ட மக்களை இவ்வாறு ஒன்றாக்கும்போது அவரவர் வரலாறு மறைந்துபோகிறது. இரண்டு துளைகள் எங்கும் முகமாகத் தெரிவது மனிதக் கண்ணின் இயல்பு. அது குகைக்கும் ஆலைக்கும் உறவிருப்பதற்குச் சான்றாகாது. இந்தியவியல் துறையினராகிய நாம் இதில் கூடுதல் விழிப்போடு இருக்கவேண்டும். இதே நோக்கால் நம் நாட்டார் கலைகளும் நெடுங்காலம் 'மாறாத் தொன்மை' என ஒதுக்கப்பட்டன அல்லவா?

யாருடைய கலை?

1956ஆம் ஆண்டு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இப்படங்கள் 'சுவரின் மொழி' என்னும் தலைப்பில் காட்சிக்கு வைக்கப்பட்டன. 1960ஆம் ஆண்டு ஜெர்மன் மொழியிலும் மறு ஆண்டு பிரெஞ்சிலும் நூல் வெளிவந்தது. பயிற்சிபெறாதோரின் படைப்புகளுக்கு 'ஆர் புருத்' எனப் பெயரிட்ட ழான் துபுஃபே போன்றோரின் முயற்சிகளோடு இவை சேர்த்துப் பேசப்பட்டன. பின்னாளில் பிரஸ்ஸாயின் கீறற்படங்கள் சித்திர நெசவுகளாகவும் வடிவம் பெற்றன. இவ்வளவிலும் கீறியவர் ஒருவரின் பெயர்கூட இல்லை. நாட்டுப்புறப் பாடல் தொகுப்போர் பாடியவரின் பெயர், வயது, ஊர் ஆகியவற்றைக் குறிக்கவேண்டும் என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கிறோம். பிரஸ்ஸாய் ஊரைக் குறித்தார். ஆளைக் குறிக்க இயலவில்லை. சுவர்க்கீறல் தன் இயல்பால் பெயர் மறைப்பது. பல கைகள் பட்டு வளர்வது. ஆதலின் அவரைக் குற்றங்கூற நாம் முற்படவில்லை. ஆனால் 'பிரஸ்ஸாயின் சுவர்க்கீறல்கள்' என்று எளிதாகச் சொல்லிவிடும்போது எவ்வளவு விடுபடுகிறது என்பதை வகுப்பறையிலேனும் சுட்டவேண்டும்.

இதனோடு இன்றைய சுவரோவியங்களைக் குழப்பிக்கொள்ளுதலும் கூடாது. 2012ஆம் ஆண்டு ஜார்ஜ் டவுன் விழாவின்போது லித்துவேனியக் கலைஞர் எர்னஸ்ட் சக்காரெவிச் பினாங்கில் வரைந்தவற்றை நம்மில் பலர் நேரிற் கண்டிருப்போம். ஆர்மீனியன் தெருவில் மிதிவண்டியோடு உள்ள இரு குழந்தைகளின் ஓவியத்தின் முன் சுற்றுப்பயணிகள் வரிசையில் நின்று படமெடுத்துக்கொள்கின்றனர். அது ஓவியர் பெயருடன் விழாவுக்காக உருவானது. காண்போரை எதிர்பார்த்தே வரையப்பட்டது. பிரஸ்ஸாய் தேடியது யாரும் அழைக்காத, யாரும் காத்திராத ஒன்றை. சிங்கப்பூரில் 1966ஆம் ஆண்டு முதல் நாசவேலைச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் அங்கு இவ்வேறுபாடு சட்ட வேறுபாடாகவும் ஆகிறது. பாரிஸிலும் 'சுவரொட்டி ஒட்டாதீர், 1881 ஜூலை 29ஆம் நாள் சட்டம்' என்னும் எச்சரிக்கை பல சுவர்களில் எழுதப்பட்டிருந்தது. இன்றும் சிலவற்றில் காணலாம்.

1959ஆம் ஆண்டு அந்திரே மால்ரோ பண்பாட்டு அமைச்சரான பின்னர்ப் பாரிஸின் கரிபடிந்த கட்டடங்கள் பெருமளவில் கழுவித் தூய்மையாக்கப்பட்டன. நகரப் புதுப்பிப்பில் எளிய குடியிருப்புகள் பல இடிக்கப்பட்டன. பிரஸ்ஸாய் 1984ஆம் ஆண்டு மறைந்தார். 2016ஆம் ஆண்டு பாரிஸ் பொம்பிடு மையம் அவருடைய சுவர்க்கீறற் படங்களைத் தனிக் காட்சியாக வைத்தது. ஒரே கீறலை ஆண்டுகள் இடைவெளியில் அவர் எடுத்த படங்களை அருகருகே வைத்து நோக்கினால், முன்னதில் மெல்லிய கோடாக இருந்தது பின்னதில் விரல் நுழையுமளவு ஆழப்பட்டிருப்பதைக் காணலாம். எவரெவரோ அவ்வழியே போகும்போது ஒருமுறை கீறிவிட்டுச் சென்றிருக்கின்றனர்.