மூணு விரல் நுழையுதா?

எங்கள் ஆபீஸ் நண்பர் ஒருவர். பெயர் வேண்டாம், மிஸ்டர் பாக்கு என்று வைத்துக்கொள்வோம். காலையில் புகையிலைப் பாக்குப் பொட்டலத்தைக் கிழித்துக் கன்னத்தில் ஒதுக்கினாரென்றால், மேனேஜர் என்ன கேட்டாலும் 'ம்...', 'ம்ஹூம்...'தான். அதைப் பணிவு என்று நினைத்து அவருக்கு இன்க்ரிமென்ட் கொடுத்துவிட்டதாகக்கூட ஒரு வதந்தி!

"சிகரெட்தான் சார் ஆபத்து. இதுல புகையே இல்லையே?" என்பார். நானும் தொண்டை வற்ற லெக்சர் அடித்தேன். 2013-லேயே தமிழ்நாட்டில் குட்காவுக்குத் தடை போட்டதை எடுத்துச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு, ஜன்னலோரம் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

ஒரு நாள் கேன்டீனில் மிளகாய் பஜ்ஜி. மனிதர் பிய்த்துப் பிய்த்துச் சாப்பிட்டார். காரம் பட்டதும் கண்ணெல்லாம் தண்ணீர்.

"வாயை நல்லாத் திறந்து, மூணு விரலை ஒண்ணு மேல ஒண்ணா உள்ளே விடுங்க சார்" என்றேன்.

இரண்டுதான் போனது. அன்று இருவருமே சிரிக்கவில்லை.

பல் டாக்டரிடம் இழுத்துப் போனேன். "பாக்கு கன்னத்தின் உட்சதையை நாராக்கி இறுக்கிடும். புகையிலையும் சேர்ந்தா வாய்ப் புற்றுநோய்க்கு ராஜபாட்டை. இறுகினது முழுசா இளகாது. இப்பவே விட்டா, மேலும் மோசமாகாம பார்க்கலாம்" என்றார்.

அன்றே 1800-11-2356-க்குப் போன் போட்டோம். மத்திய அரசின் இலவச உதவி எண். நாள் குறித்தோம், டிராயரில் இருந்த பொட்டலமெல்லாம் குப்பைக்கு.

ஆசை வந்தால் சில நிமிஷம்தான் ஆட்டிவைக்கும், பிறகு தானே அடங்கும். அந்தச் சில நிமிஷத்துக்கு நான் டியூட்டி. மூன்று மாடி இறங்கி, தண்ணீர் குடித்து, ஏறி வருவோம். டாக்டர் எழுதிக் கொடுத்த நிக்கோட்டின் சூயிங்கத்தைப் பாக்கு மாதிரியே குதப்பித் தள்ளினார். விளைவு, மீட்டிங் முழுக்க விக்கல்! கொஞ்சம் மென்று கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டுமாம். முதல் வாரம் எரிந்து விழுந்தார்; என் ஸ்டேப்ளர் ஒன்று பறந்தது.

பதினோராம் நாள், ஒரு கல்யாண வீட்டில் சறுக்கிவிட்டார். லெக்சர் நாக்கு நுனிவரை வந்தது. கடித்துக்கொண்டேன். "பரவாயில்ல சார், நாளைக்குக் காலையில திரும்ப ஆரம்பிப்போம்."

ஏழு மாதமாயிற்று. விரல் இன்னும் இரண்டுதான் நுழைகிறது. ஆனால் டிராயரில் பொட்டலம் இல்லை. மேனேஜருக்கு இப்போது வாய் நிறையப் பதில் கிடைக்கிறது. இன்க்ரிமென்ட்தான் சந்தேகம்!

உங்கள் பக்கத்து சீட்காரரும் 'ம்' ஆசாமியா? லெக்சர் வேண்டாம் சார். கூட மூன்று மாடி இறங்குங்கள், போதும்.