சொல்தாவின் மார்புப் பதக்கம்

ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 14 அன்று புதுச்சேரி கடற்கரைச் சாலையில் உள்ள பிரெஞ்சுப் போர் நினைவிடத்தில் மலர்வளையம் வைக்கிறார்கள். முதல் உலகப் போரில் மடிந்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்காக 1938-இல் திறக்கப்பட்ட இடம் அது. மார்பில் பதக்கம் அணிந்து அங்கே நிற்கும் முதியவர்களைப் புதுச்சேரி மக்கள் 'சொல்தா' என்பார்கள். அவர்களில் கணிசமானோர் சேரிகளிலிருந்து போனவர்கள். அதை அந்தக் கல் சொல்லாது. நாம்தான் சொல்ல வேண்டும்.

1881 செப்டம்பர் 21 ஆணை ஒரு கதவைத் திறந்தது. சாதி, மத வழக்குகளைத் துறந்து பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தை ஏற்கலாம். புதிதாக ஒரு குடும்பப் பெயரும் சூட்டிக்கொள்ளலாம். வெள்ளாளரான வழக்கறிஞர் பொன்னுத்தம்பி இதில் முன்னே நின்றார். ஆனால் பின்னால் திரண்டவர்களில் பெரும்பகுதி தலித்துகளும் கிறித்தவர்களும்தான். சாதியைக் காட்டிக்கொடுக்கும் பெயரைக் கழற்றி எறிய வேறு வழி ஏது? அப்போதும் முழுச் சமத்துவம் கிடைத்துவிடவில்லை. 1884-இல் இவர்களை வெள்ளையரோடு சேர்க்காமல் தனி வாக்காளர் பட்டியலில் வைத்தார்கள்.

பட்டாளத்தில் நிலைமை வேறாக இருந்தது. காலாட்படையில் சிப்பாயாகச் சேர்ந்தவர் கப்பொரால் ஆகலாம், பிறகு செர்ழான் ஆகலாம். செர்ழான் 'படு' என்றால் அவர் கீழுள்ளவர்கள் தரையில் படுக்க வேண்டும். 'நட' என்றால் நடக்க வேண்டும். ஊர்த்தெருவில் தோள்துண்டை இறக்கி நடந்த குடும்பத்துப் பிள்ளைக்கு இது சின்ன விஷயமா? 1852-இல் ஏற்படுத்தப்பட்ட 'மெதாய் மிலித்தேர்' பதக்கம் சிப்பாய்க்கும் செர்ழானுக்கும் உரியது. கேப்டனும் கர்னலும்கூட அதை வாங்க முடியாது. அன்று பதினைந்து ஆண்டு சேவை முடித்தால் ஓய்வூதியம் கிடைத்தது. அந்தப் பணத்தில் சேரியில் கல்வீடு எழுந்தது, பிள்ளைகள் படித்தார்கள்.

இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. 1946 முதல் 1954 வரை வியட்நாமிலும், பிறகு அல்ஜீரியாவிலும் அந்தப் படை சுட்டது விடுதலை கேட்ட மக்களை. ஒடுக்கப்பட்டவர் கையில் துப்பாக்கி கொடுத்து, இன்னொரு ஒடுக்கப்பட்டவரைக் குறிபார்க்க வைத்தது பேரரசு. சொல்தாவின் பதக்கத்தில் மானமும் இருக்கிறது, இந்தக் கசப்பும் இருக்கிறது.

பதக்கத்தோடு திரும்பியவருக்கு ஊர் மாறியிருந்ததா? 1745-இலேயே, தேவாலயத்துக்குள் பறையரைப் பிரித்து நின்ற சுவர் பற்றி ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கடவுள் முன்னாலேயே சுவர் எழுப்பிய சாதி, பதக்கத்தைக் கண்டா ஒதுங்கிவிடும்?

மாணவர்களே, இந்த வரலாறு டிரங்குப் பெட்டிகளில் மக்கிக்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஒரு சொல்தா குடும்பம் இருந்தால் போய் உட்காருங்கள். பட்டாளப் பதிவேட்டையும் பழைய புகைப்படங்களையும் படமெடுத்து வையுங்கள். எந்த ஊர், எந்தத் தெரு, எந்தப் போர், திரும்பி வந்தபோது ஊர் எப்படி நடத்தியது என்று கேட்டு எழுதுங்கள். நம் தாத்தாக்கள் வாங்கிய பதக்கத்தை பிரான்ஸ் கணக்கில் வைத்திருக்கும். அவர்கள் பட்ட அவமானத்தை நாம் எழுதினால்தான் உண்டு.